மேஸ்திரியா, துணையா?

திருவள்ளூரிலிருந்து திருத்தணி போகும் நெடுஞ்சாலையில் இருக்கிறது கனகம்மாசத்திரம். பொழுது விடிந்ததும் இந்தச் சாலையில் ஒரு மணி நேரம் நின்றால் போதும், இந்தப் பகுதியின் உழைப்பாளி மக்கள் யார் யார் என்று தெரிந்துவிடும். நாற்று நடவும் களையெடுக்கவும் போகும் பெண்கள், கரும்பு வெட்டப் போகும் கூட்டம், தறிக்கூடத்துக்குப் போகிறவர்கள், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குக் கம்பெனி பஸ் ஏறுகிறவர்கள். இவர்களுடைய இரண்டு வயது, மூன்று வயதுக் குழந்தைகள் எங்கே? பாட்டி இருக்கும் வீட்டில் பாட்டியிடம். மற்ற வீடுகளில் பால்வாடியில். ஆகவே பால்வாடி என்பது பெண்கள் சம்பந்தப்பட்ட சின்ன விஷயம் என்று எந்தத் தோழரும் தள்ளிவிட முடியாது. மில் தொழிலாளியும் விவசாயத் தொழிலாளியும் மன நிம்மதியோடு வேலைக்குப் போக முடியுமா முடியாதா என்ற பிரச்னை அது.

பால்வாடி டீச்சர் என்றும் ஆயா என்றும் நாம் அழைக்கும் அங்கன்வாடி ஊழியர், உதவியாளர் ஆகியோரின் சம்பளம், பென்ஷன் பற்றிப் பேசாத தொழிற்சங்க மேடை இல்லை. அது நியாயம், இன்னும் பேசவேண்டும். ஆனால் இன்று வேறொன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த ஊழியருக்கு மேலே ஒருவர் இருக்கிறார். ஜனங்கள் அவரை 'சூப்பர்வைசர் அம்மா' என்கிறார்கள். அவரை சர்க்கார் எதற்காகத் தயார் செய்கிறது? குற்றம் கண்டுபிடிக்கவா, கைகொடுக்கவா? நமது குழந்தைகளின் உடம்பில் சதை பிடிப்பதும் பிடிக்காததும் பெருமளவுக்கு இந்தக் கேள்வியோடு சம்பந்தப்பட்டது என்று நாம் கருதுகிறோம்.

தொழிலாளிக்குக் கசக்கும் சொல்

மேற்பார்வை என்ற சொல்லே மில் தொழிலாளிக்குக் கசக்கும். காரணம் உண்டு. 1918 ஏப்ரல் 27-ந் தேதி சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது பக்கிங்காம் – கர்நாட்டிக் மில் தொழிலாளர்களின் குமுறலிலிருந்துதான். சாப்பாட்டு இடைவேளை போதவில்லை, மேலே இருப்பவர்கள் இழிவாக நடத்துகிறார்கள் என்பவை அன்றைய முக்கியக் குறைகள். மேஸ்திரி என்றால் முதலாளியின் கண், முதலாளியின் நாக்கு. விவசாயத் தொழிலாளிக்கோ பண்ணையின் காரியஸ்தன் ஞாபகத்துக்கு வருவான். அப்படியிருக்க, மேற்பார்வையாளருக்கு நல்ல பயிற்சி கொடு என்று தொழிலாளர் பத்திரிகை ஏன் கேட்க வேண்டும்? தோழர்கள் இப்படிக் கேட்பது நியாயமே.

பதில் இதுதான். மில்லில் மேஸ்திரி அதட்டி வேலை வாங்கினால் தொழிலாளியின் உடம்பு நோகிறது. ஆனாலும் நெய்த துணி துணியாகவே வெளியே வருகிறது. இழை அறுந்திருந்தால் யார் கண்ணுக்கும் தெரியும். பால்வாடியில் அப்படியில்லை. அங்கே நடக்கும் வேலை மேலிடத்துக்குத் தெரிவது ரிஜிஸ்டர் வழியாகத்தான். ரிஜிஸ்டரை எழுதுகிற கை பயத்தில் நடுங்கினால், எழுதப்படும் கணக்கும் நடுங்கும். அந்தக் கணக்கின் பின்னால் ஒரு குழந்தை இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

1975 அக்டோபர் 2-ந் தேதி நாட்டில் 33 ஒன்றியங்களில் குழந்தை வளர்ச்சித் திட்டம் ஆரம்பமாயிற்று. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் ஆகியோருக்குச் சத்துணவு, முன்பருவக் கல்வி, தடுப்பூசி, உடல் பரிசோதனை, நோயுற்றவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்புதல், தாய்மாருக்குச் சுகாதாரப் போதனை என்று ஆறு வேலைகள். இன்று நாடு முழுவதும் சுமார் 14 லட்சம் மையங்கள். தமிழ்நாட்டில் மட்டும் 54,000-க்கு மேல். இவ்வளவு பெரிய ஸ்தாபனத்தை நடத்துவதற்கு சர்க்கார் வகுத்துள்ள விதிப்படி 25 மையங்களுக்கு ஒரு மேற்பார்வையாளர்.

இந்த 25 என்ற எண்ணை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதத்தில் வேலை நாள் 25 என்று வைத்துக்கொள்வோம். பிரிவுக் கூட்டம், வட்டார ஆபீஸில் கூட்டம், கணக்குச் சேர்க்கும் நாள், தடுப்பூசி முகாம், மேலிடத்து உத்தியோகஸ்தர் வரும் நாள் எல்லாம் சேர்த்துப் பத்து நாள் போய்விட்டது என்றால் மிச்சம் 15. பதினைந்து நாளில் 25 மையம். ஒரு மையத்துக்கு மாதம் அரை நாளுக்குச் சற்று மேல். பக்கத்துப் பிரிவில் மேற்பார்வையாளர் பதவி காலியாக இருந்து அதையும் சேர்த்துப் பார் என்று சொல்லிவிட்டால் 50 மையம். அப்போது ஒரு மையத்துக்கு மூன்றில் ஒரு நாள்கூடக் கிடைக்காது. அதிலும் பஸ் வராத ஊருக்கு நடந்து போய்ச் சேரும் நேரத்தைக் கழிக்க வேண்டும்.

இந்த நேரத்தில் ஒரு மனுஷி என்ன செய்ய முடியும்? வாசலில் செருப்பைக் கழற்றி, ரிஜிஸ்டரை வாங்கிப் புரட்டி, வருகைக் கணக்கையும் சத்துமாவு இருப்பையும் முட்டைக் கணக்கையும் சரிபார்த்து, கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த ஊருக்கு ஓட முடியும். குழந்தையைத் தராசில் வைப்பதைப் பார்க்க நேரமில்லை. எடை ஏறாத குழந்தையின் வீட்டுக்குப் போக நேரமில்லை. 'உனக்கு என்ன கஷ்டம் அம்மா?' என்று ஊழியரைக் கேட்க நேரமில்லை. ஆகவே மேற்பார்வை என்பது ரிஜிஸ்டரைப் பார்ப்பதாகச் சுருங்கிவிடுகிறது. இது அந்தப் பெண்மணியின் குணக்கேடு அல்ல. அவரை அப்படி ஓட வைத்திருக்கும் ஏற்பாட்டின் கேடு.

பயம் எழுதும் கணக்கு

ஒரு மையத்தை மனதில் எண்ணிப் பாருங்கள். இந்த மாதம் எடை போட்டதில் நான்கு குழந்தைகள் குறைந்த எடை. ஊழியர் உண்மையை எழுதுகிறார். மேற்பார்வையாளர் வருகிறார். 'போன மாதம் இரண்டுதானே இருந்தது, இந்த மாதம் ஏன் நான்கு? நீ என்ன செய்துகொண்டிருந்தாய்? மேலே எனக்கல்லவா திட்டு விழும்!' என்று கேட்டுவிட்டுப் போகிறார். ஒரு மெமோவும் வருகிறது. அடுத்த மாதம் என்ன நடக்கும்? தராசு முள் எங்கே நின்றாலும் ரிஜிஸ்டரில் இருநூறு கிராம் கூடிவிடும். நான்கு குழந்தை இரண்டாகிவிடும். மேற்பார்வையாளர் சந்தோஷப்படுவார், வட்டாரத்து அதிகாரி சந்தோஷப்படுவார், ஜில்லா அறிக்கை அழகாக இருக்கும். மந்திரி சட்டசபையில் படிப்பார். அந்த இரண்டு குழந்தைகள் மட்டும் இளைத்துக்கொண்டே போகும். காகிதத்தில் அவர்கள் இல்லாததால் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார் இல்லை. கூடுதல் உணவு கொடுப்பார் இல்லை.

இதில் ஊழியர் கெட்டவரா? மேற்பார்வையாளர் கெட்டவரா? இருவருமே சம்பளத்துக்கு உழைக்கும் பெண்கள். எடை குறைந்த குழந்தையை ஊழியர் கண்டுபிடிப்பது குற்றமல்ல, சேவை. அதற்குத் தண்டனை கொடுக்கும் ஏற்பாடு எங்கே இருந்தாலும் அங்கே பொய்க் கணக்கு பிறக்கும். தண்டவாளத்தில் விரிசல் இருக்கிறது என்று சொன்ன கேங்மேனுக்கு அபராதம் போட்டால் அடுத்த விரிசலை அவன் சொல்வானா?

விஷயம் சாமான்யமானதல்ல. 2019–21-ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 25 சதவீதம் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். 22 சதவீதம் வயதுக்கேற்ற எடை இல்லாதவர்கள். மற்ற பல மாநிலங்களைவிட நாம் மேல் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் நாலு குழந்தைக்கு ஒன்று குட்டையாக நிற்கும் நாட்டில் பெருமைக்கு இடமில்லை. அந்த ஒன்று பெரும்பாலும் யார் வீட்டுக் குழந்தை என்பதை வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

நமது மாநிலமே காட்டிய வழி

இதற்கு வழி உண்டா? உண்டு. வெளிநாட்டுக்குப் போகவேண்டாம், நமது மாநிலத்திலேயே செய்து பார்த்திருக்கிறார்கள்.

1980-ல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் என்ற பெயரில் ஒரு திட்டம், மதுரை ஜில்லா கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் ஆரம்பித்துப் பிறகு பல ஜில்லாக்களுக்குப் பரவியது. உலக வங்கிக் கடனில் நடந்த திட்டம் அது. உலக வங்கியைப் பற்றி நமது அபிப்பிராயம் வாசகர்களுக்குத் தெரியும். ஆனால் கடனைத் திருப்பிக் கட்டியவர்கள் நமது ஜனங்கள்; ஆகவே அதில் கிடைத்த பாடமும் நமது சொத்துதான்.

அந்தத் திட்டம் என்ன செய்தது? கிராமத்திலேயே வசிக்கும் பெண்களை ஊழியராக எடுத்தது. ஆறு மாதம் முதல் 36 மாதம் வரை உள்ள குழந்தைகளை மாதாமாதம் எடை போட்டது. எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் 90 நாள் சத்துருண்டை கொடுத்து, தேறியதும் நிறுத்தியது. கிராமத்துத் தாய்மார்களைக் குழுவாகச் சேர்த்து அவர்களையும் வேலையில் இறக்கியது. இவற்றோடு இன்னொன்றும் செய்தது. பத்து ஊழியருக்கு ஒரு மேற்பார்வையாளர் போட்டது. இருபத்தைந்துக்கு ஒருவர் அல்ல, பத்துக்கு ஒருவர்!

பத்து மையம் என்றால் மாதத்தில் ஒவ்வொரு மையத்துக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை போகலாம். எடை போடும்போது கூட நிற்கலாம். தராசு தவறாக இருந்தால் அங்கேயே திருத்தலாம். பிடிவாதம் பிடிக்கும் மாமியார் வீட்டுக்கு ஊழியரோடு சேர்ந்து போகலாம். கடுமையான ஊட்டக்குறைவு அந்தத் திட்டம் நடந்த இடங்களில் குறைந்தது என்று பின்னால் வந்த மதிப்பீடுகள் சொல்கின்றன. அதற்கு ஒரு காரணமாக நெருக்கமான மேற்பார்வையைச் சொல்கிறார்கள். திட்டத்தின் இரண்டாவது கட்டம் 1997-ல் முடிந்தது. இன்று எல்லா மையங்களும் ஒரே குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கீழ் இருக்கின்றன. விதியோ 25-க்கு ஒருவர் என்கிறது. கையில் இருந்த நல்ல முறையை நழுவவிட்டது யார் என்று சர்க்காரைக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

பயிற்சி என்றால் என்ன?

மேற்பார்வையாளருக்குப் பயிற்சியே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. அதற்கென்று பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. வேலையில் சேர்ந்ததும் சுமார் ஒரு மாதப் பயிற்சி, பிறகு அவ்வப்போது சில நாள் புத்தாக்கப் பயிற்சி. திட்டத்தின் நோக்கம், குழந்தையின் வளர்ச்சிப் பருவங்கள், சத்துணவின் அளவு, ரிஜிஸ்டர்கள், அறிக்கைப் படிவங்கள் ஆகியவற்றைச் சொல்லித் தருகிறார்கள். இவையெல்லாம் தேவைதான். ஆனால் மனுஷியோடு மனுஷி வேலை செய்வது எப்படி என்பதை மண்டபத்தில் உட்கார வைத்துச் சொற்பொழிவால் கற்றுக்கொடுக்க முடியாது. நெசவு கற்றவர்களுக்கு இது தெரியும். தறியில் உட்காராமல் நெசவு வந்தவன் எவனுமில்லை.

பயிற்சி பெற்ற ஒரு மேற்பார்வையாளர் மையத்துக்குள் வந்தால் என்ன செய்வார்? முதலில் ரிஜிஸ்டரைக் கேட்கமாட்டார். குழந்தைகளோடு அரை மணி நேரம் உட்கார்ந்து வேலை எப்படி நடக்கிறது என்று பார்ப்பார். இரண்டு குழந்தைகளை ஊழியரும் தாமும் தனித்தனியாக எடை போட்டு, வித்தியாசம் வந்தால் ஏன் வந்தது என்று சேர்ந்து யோசிப்பார். நன்றாக நடக்கிற ஒன்றைப் பெயர் சொல்லிப் பாராட்டுவார். தவறு இருந்தால் தாய்மார்கள் முன்னிலையில் அவமானப்படுத்தாமல் தனியே சொல்லி, தாமே ஒரு தடவை செய்து காட்டுவார். எடை ஏறாத ஒரு குழந்தையின் வீட்டுக்கு ஊழியரோடு நடந்து போவார். கிளம்புமுன் பார்வைப் புத்தகத்தில் இரண்டு பத்தி எழுதுவார்: ஊழியர் செய்ய வேண்டியது என்ன, தாம் செய்து கொடுக்க வேண்டியது என்ன. ஓட்டைக் கூரை, பழுதான தராசு, வராத காஸ் சிலிண்டர் எல்லாம் அந்த இரண்டாவது பத்தியில் வரும். அடுத்த தடவை வரும்போது அந்தப் பத்தியிலிருந்துதான் பேச்சு ஆரம்பமாகும்.

இந்த இரண்டாவது பத்திதான் முக்கியம். மேஸ்திரி கட்டளை மட்டும் எழுதுவான். துணையாக வருகிறவர் தம்முடைய கடனையும் எழுதுவார். கீழே இருப்பவர் சொல்வதை மேலே கொண்டுபோய் வாதாடி வாங்கித் தரத் தெரியாதவருக்கு எத்தனை நாள் பயிற்சி கொடுத்தாலும் அது பாதிப் பயிற்சிதான்.

மாதாந்திரப் பிரிவுக் கூட்டத்தையும் இதே கண்ணோடு பார்க்கவேண்டும். கணக்குக் கொடுத்துவிட்டுத் திட்டு வாங்கும் கூட்டமாக அது இருக்கக்கூடாது. 25 ஊழியர்கள் கூடும் இடத்தில் 25 பேருடைய அனுபவம் இருக்கிறது. பால் குடி மறக்காத குழந்தைக்குச் சோறு ஊட்டப் பழக்கிய ஊழியர் அதை மற்றவர்களுக்குச் சொல்லட்டும். அதைவிடச் சிறந்த பயிற்சி எந்த நிலையத்தில் கிடைக்கும்?

எல்லைப்புறத்துப் பிரச்னை

நமது பகுதிக்கென்று தனியாக ஒரு விஷயம் உண்டு. திருத்தணி 1960 ஏப்ரல் 1-ந் தேதிதான் ஆந்திராவின் சித்தூர் ஜில்லாவிலிருந்து சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. எல்லைக்கோடு மாறியதே தவிர எத்தனையோ வீடுகளில் அடுப்படிப் பேச்சு தெலுங்காகவே இருக்கிறது. திருவள்ளூர் ஜில்லாவின் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமாகத் தொழிலாளர்கள் வருகிறார்கள். இருளர் குடியிருப்புகள் ஊருக்கு ஒதுக்குப்புறமாக இருக்கின்றன. பால்வாடியில் வந்து உட்காரும் குழந்தை எந்த மொழியில் 'பசிக்கிறது' என்று சொல்லும்? சூளைக் குழந்தை ஆறு மாதம் இங்கே இருந்துவிட்டுப் போனால் அதன் எடைக்கணக்கை யார் வைத்துக்கொள்வது? இருளர் தாய் மையத்துக்கு வரத் தயங்கினால் அந்தத் தயக்கத்தின் பின்னால் இருக்கும் சாதிக் கொடுமையை யார் போக்குவது?

இத்தனையும் ஒரு ஊழியர் தனியாகச் சமாளிக்கக்கூடிய காரியமல்ல. பக்கத்தில் நின்று ஊரோடு பேசி, சூளை முதலாளியோடு பேசி, தொழிலாளர் இலாகாவுக்கும் சுகாதார இலாகாவுக்கும் எழுதி வழிசெய்ய ஒருவர் வேண்டும். அதுதான் மேற்பார்வையாளரின் வேலை. ஆனால் சென்னையில் அச்சடித்த ஒரே பாடப் புத்தகத்தை வைத்துக் கன்னியாகுமரிக்கும் திருத்தணிக்கும் ஒரே பயிற்சி கொடுத்தால் இது வருமா?

கைப்பேசி மேஸ்திரி

இப்போது மேற்பார்வையின் பெயரால் இன்னொரு மேஸ்திரி வந்திருக்கிறான். அவன் சட்டைப்பைக்குள் அடங்கும் கைப்பேசி. 2021 மார்ச்சில் மத்திய சர்க்கார் போஷன் டிராக்கர் என்ற செயலியைக் கொண்டுவந்தது. எடை, வருகை, உணவு எல்லாவற்றையும் அதில் ஏற்ற வேண்டும். 2025-ல் வீட்டுக்குக் கொடுக்கும் சத்துணவுக்குத் தாயின் முகத்தைக் கைப்பேசியில் பதிந்து சரிபார்க்க வேண்டும் என்றும் கட்டாயமாக்கினார்கள். சிக்னல் கிடைக்காத ஊரில் ஊழியர் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். குழந்தைகள் பாட்டுக்கு இருக்கிறார்கள்.

விஞ்ஞானக் கருவி எதற்கும் நாம் விரோதியல்ல. கணக்கைச் சுலபமாக்கி, மேற்பார்வையாளரைக் காகிதக் கட்டிலிருந்து விடுவித்து, குழந்தையிடம் அனுப்பினால் கைப்பேசியை வரவேற்போம். ஆனால் ஆபீஸில் உட்கார்ந்தபடியே திரையைப் பார்த்து 'இன்னும் ஏற்றவில்லையா?' என்று செய்தி அனுப்புவதே மேற்பார்வை என்று ஆகிவிட்டால், மையத்துக்கு வரும் பாதையில் புல் முளைத்துவிடும். திரை எண்ணைக் காட்டும். ஊழியரின் கண்ணில் வந்த நீரைக் காட்டாது.

போதாக்குறைக்கு வேறு வேலைகள். 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் ஆரம்பமானபோது அங்கன்வாடி ஊழியர் பலர் வாக்குச்சாவடி அலுவலராக வீடு வீடாக அலைந்தார்கள். அந்த நாட்களில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டது யார் என்று எந்த அதிகாரியும் கேட்கவில்லை.

இரண்டு ஆட்சேபங்கள்

நமது கருத்துக்கு இரண்டு பக்கத்திலிருந்து ஆட்சேபம் வரும்.

முதலாவது, அதிகாரிகள் சொல்வது. 'கண்டிப்பு இல்லாவிட்டால் மையத்தையே திறக்கமாட்டார்கள். சத்துமாவு கடைக்குப் போய்விடும்.' மையம் திறக்காத நாளில் அவதிப்படுவது நமது தாய்மார்கள்தான். முட்டையைத் திருடினால் அது நமது குழந்தையின் முட்டைதான். திருட்டை மூடிமறைப்பது துணையல்ல. ஆனால் மாதத்துக்கு ஒரு தடவை வந்து கையெழுத்துப் போடும் மேற்பார்வையால் எந்தத் திருட்டு நின்றிருக்கிறது? கிராமத்துத் தாய்மார்களின் கண் தினமும் மையத்தின்மேல் இருந்தால் நிற்கும். அந்தக் கண்ணைத் திறப்பதும் பயிற்சி பெற்ற மேற்பார்வையாளரின் வேலையே.

இரண்டாவது, நமது தோழர்களே சொல்லக்கூடியது. 'முதலில் சம்பளம், பயிற்சி அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.' சம்பளம் முதல் என்பதில் இரண்டு பேச்சு இல்லை. மத்திய சர்க்கார் 2018 அக்டோபரில் ஊழியருக்கு நிர்ணயித்த மதிப்பூதியம் மாதம் 4,500 ரூபாய்; உதவியாளருக்கு 2,250 ரூபாய். இதைச் சம்பளம் என்று சொல்லக்கூட அதற்கு வாய் வரவில்லை. 2013-ல் கூடிய 45-வது இந்தியத் தொழிலாளர் மாநாடு இவர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரிக்கச் சொன்னது. 2022 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் இவர்களுக்குக் கிராஜுவிட்டி உண்டு என்று தீர்ப்பளித்தது. நம் எல்லைக்கு அந்தப் பக்கம் ஆந்திராவில் 2023 டிசம்பர் 12 முதல் 42 நாள் இவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அந்த சர்க்கார் அத்தியாவசியப் பணிச் சட்டத்தை ஏவியது. கூலி கேட்டால் தொண்டர். வேலை நிறுத்தினால் அத்தியாவசியப் பணியாளர்! இதுதான் ஆளும் வர்க்கத்தின் நியாயம்.

ஆனால் சம்பளமும் துணையும் ஒன்றுக்கொன்று எதிரி அல்ல. உலக சுகாதார ஸ்தாபனம் 2018-ல் சமுதாய சுகாதார ஊழியர் பற்றி வெளியிட்ட வழிகாட்டுதல் இரண்டையும் சேர்த்தே சொல்கிறது. வேலைக்குத் தகுந்த ஊதியம் கொடு. மேற்பார்வையாளருக்குப் பயிற்சி கொடு. அவருக்குக் கீழே சமாளிக்கக்கூடிய எண்ணிக்கையில் ஊழியரை வை என்கிறது. பிரேசிலில் குடும்ப சுகாதாரக் குழுவில் டாக்டர், நர்ஸ், வீடு வீடாகப் போகும் சுகாதார ஊழியர் எல்லோரும் ஒரே குழு. அந்த ஊழியருக்கு மேற்பார்வை கூடவே வேலை செய்யும் நர்ஸ். அந்த நாட்டில் 2022-ல் அரசியல் சட்டத்தையே திருத்தி, அந்த ஊழியருக்கு நாட்டின் குறைந்தபட்சக் கூலியைப் போல் இரண்டு மடங்குக்குக் குறையாத சம்பளம் என்று எழுதிவிட்டார்கள். ஏழை நாடுகளில் முடியாது என்று யார் சொன்னது?

மேற்பார்வையாளரும் உழைப்பாளிதான்

மேற்பார்வையாளர் நமது விரோதி அல்ல என்பதை ஊழியர்களும் உணரவேண்டும். அவருக்கும் மேலே இருந்து திட்டு விழுகிறது. பஸ் கட்டணம் சரிவர வருவதில்லை என்ற குறை அவருக்கும் உண்டு. இருட்டியபின் தனியே ஊர் திரும்ப வேண்டிய பயம் அவருக்கும் உண்டு. 2017-ன் இறுதியில் மத்திய சர்க்கார் இந்தத் திட்டத்தின் நிரந்தர உத்தியோகஸ்தர்கள் சம்பளத்தில் தன் பங்கை 60 சதவீதத்திலிருந்து 25 சதவீதமாகக் குறைத்துக்கொண்டு மீதியை மாநிலங்களின் தலையில் கட்டியது. பாரம் கூடினால் மாநில சர்க்கார் என்ன செய்யும்? காலி இடத்தை நிரப்பாமல் தள்ளிப்போடும். இருக்கிறவர் தலையில் இரண்டு பிரிவைக் கட்டும். அவர் அந்தக் கோபத்தை ஊழியர்மேல் காட்டுவார். ஊழியர் ஆயாமேல் காட்டுவார். ஆயா குழந்தைமேல் காட்டினால் ஆச்சரியம் உண்டா? மேலே இருந்து கீழே இறங்கும் இந்தச் சங்கிலியை எங்கேயாவது ஓரிடத்தில் அறுக்க வேண்டும். மேற்பார்வையாளரிடத்தில் அறுப்பது சுலபம். அவர் ஒருவர் மாறினால் 25 மையம் மாறும்.

நமது கோரிக்கைகள்

ஆகவே சர்க்காரிடம் நாம் கேட்பது இவை:

காலியாக உள்ள மேற்பார்வையாளர் பதவிகளை உடனே நிரப்பு. பத்து மையங்களுக்கு ஒருவர் என்ற நமது மாநிலத்தின் பழைய முறையை நோக்கிப் படிப்படியாகப் போ.

மேற்பார்வையாளர் பதவிகளில் பாதியை அனுபவமுள்ள அங்கன்வாடி ஊழியரைக் கொண்டு நிரப்பவேண்டும் என்று மத்திய சர்க்காரின் வழிகாட்டு விதியிலேயே இருக்கிறது. அதைக் காகிதத்தில் வைக்காதே; நடைமுறைப்படுத்து. பத்து வருஷம் குழந்தை எடை போட்டவருக்குத் தெரிவது பட்டம் மட்டும் வாங்கியவருக்குத் தெரியாது.

பயிற்சியை மண்டபத்திலிருந்து மையத்துக்குக் கொண்டு வா. அனுபவமுள்ள ஊழியர்களையும் பயிற்சியாளர்களாக ஆக்கு. எல்லைப்புற ஒன்றியங்களில் தெலுங்கும், சூளைப் பகுதிகளில் ஒடியா மொழியும் தெரிந்தவர்களின் உதவியை ஏற்பாடு செய்.

எடை குறைவை உண்மையாக எழுதிய ஊழியருக்கு மெமோ கொடுக்காதே. பதினைந்து நாளுக்குள் உதவி கொடு. செயலியில் ஏற்றவில்லை என்பதற்காகச் சம்பளத்தில் கை வைக்காதே.

பயணப்படியை மாதாமாதம் கொடு. தேர்தல், கணக்கெடுப்பு வேலைகளைப் பால்வாடியின் தலையில் கட்டாதே.

ஊழியரையும் உதவியாளரையும் சர்க்கார் ஊழியராக்கி, சம்பளமும் பென்ஷனும் கொடு.

நாம் செய்ய வேண்டியது

கோரிக்கை எழுதிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டிருப்பது நமது வழக்கமல்ல. தோழர்களே, உங்கள் ஊர் மையத்தில் எடை போடும் நாள் எது என்று தெரிந்துகொள்ளுங்கள். அன்று வேலைக்குப் போகுமுன் கால் மணி நேரம் அங்கே நில்லுங்கள். தகப்பனும் நிற்கலாம், கௌரவம் குறைந்துவிடாது. உங்கள் குழந்தையின் எடை என்ன, போன மாதம் என்ன என்று கேளுங்கள். குறைந்திருந்தால் டீச்சரோடு சண்டை போடாதீர்கள். உண்மையைச் சொன்னதற்கு நன்றி சொல்லுங்கள். சூப்பர்வைசர் அம்மா கடைசியாக எப்போது வந்தார், என்ன செய்து தருவதாகச் சொன்னார் என்று விசாரியுங்கள். அவர் வரும் நாளில் நான்கு தாய்மார்கள் கூடி, கூரையையும் தராசையும் பற்றி மரியாதையாகக் கேளுங்கள். ஊழியர் தனியாகக் கேட்டால் அது முறையீடு. ஊர் சேர்ந்து கேட்டால் அது கோரிக்கை.

மே தினத்தன்று கிராம சபை கூடுகிறது. உழைப்பாளியின் நாளில் கூடும் சபையில் உழைப்பாளியின் குழந்தையைப் பற்றிப் பேசாமல் வேறு எதைப் பேசுவது? எங்கள் ஒன்றியத்தில் எத்தனை மையம், எத்தனை மேற்பார்வையாளர், எத்தனை இடம் காலி என்ற மூன்று கேள்விகளுக்குப் பதில் கேட்டுத் தீர்மானம் போடுங்கள். விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைகளும் ஆலைத் தொழிற்சங்கங்களும் அங்கன்வாடி ஊழியர் சங்கத்தோடு சேர்ந்து நின்று இதைச் செய்யவேண்டும். காலி இடங்களின் கணக்கு கையில் வந்ததும் கலெக்டர் ஆபீஸுக்குப் போகும் வழியை அவர்களே சொல்வார்கள்.